சுழலும் பொருளின் சமநிலை

சுழலும் உறுப்பு இல்லாத இயந்திரம் அரிது. அவ்வுறுப்பு நெடுங்காலம் பழுதின்றி உழைத்தற்கு இன்றியமையாதது சமநிலை. ஓய்விலே சமநிலையுற்ற பொருள் சுழலும்பொழுதும் அந்நிலையிலேயே இருக்கும் என்று கருதுதல் இயல்பு. எனினும் அஃது எப்போதும் உண்மையன்று.

தடையின்றிச் சுழலத்தக்க சில்லொன்றின் ஒரு பக்கம் பாரமாயின், அப்பக்கம் கீழே வந்து நிற்கும். எதிர்ப்பக்கத்தில் ஈயத்துண்டொன்றைப் பொருத்தினால், எந்நிலையில் விடினும் சில்லு அசையாது நிற்கும். அப்பொழுது அதன் ஈர்வை மையம் அச்சின்மேல் அமைகின்றது. இதுவே நிலையியற் சமநிலை எனப்படும்.

இத்திருத்தம் செய்யாவிடின் விளைவது யாது? அச்சிலிருந்து 25 சதமமீற்றர் தூரத்தில் 10 கிராம் திணிவு மிகையாயுள்ளது எனக் கொள்வோம். சில்லு நிமிடத்துக்கு 600 முறை சுழலுமாயின், அச்சிறு திணிவு ஏறக்குறைய 1 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசையோடு அச்சினை இழுக்கும். கதி இருமடங்காயின் விசை நான்கு மடங்காகும். விசை கதியின் வர்க்கத்தோடு பெருகுதலே காரணம். அதன் திசையும் சில்லோடு சுழல்வதால், அச்சைத் தாங்கும் போதிகைகள் அதிர்ந்து தேயும்.

நீண்ட உருளையில் வேறோர் இடர் உண்டு. ஒரு முனையில் மேற்புறத்திலும் மறு முனையில் கீழ்ப்புறத்திலும், அச்சிலிருந்து சம தூரத்தில், சம திணிவுகள் மிகையாயிருப்பின் ஈர்வை மையம் அச்சிலேயே இருக்கும். ஓய்வில் எக்குறையும் தோன்றாது. சுழலும்போதோ எதிரெதிரான இரு விசைகளும் ஒரே கோட்டில் அமையாமையால், ஓர் இணையாகி உருளையை ஆட்டும். இதனைக் களைதற்கு இரு வேறு தளங்களில் ஈடுசெய்யுந் திணிவுகள் வேண்டும். இவ்வாறு பெறப்படுவது இயக்கச் சமநிலை.

எத்துணை நுணுக்கமாகத் திருத்தினும் சிறிது குறை எஞ்சவே செய்யும். சுழற்சி அச்சின் இயற்கையான அதிர்வெண்ணை அணுகுங்கால், அச்சிறு குறையே அச்சினைப் பெரிதும் வளைத்துவிடும். இம்மாறுநிலைக் கதியைக் கடத்தல் இயலாதென ஸ்கொத்லாந்து அறிஞர் றாங்கின் 1869இல் முடிவு கூறினார். அந்நூற்றாண்டு முடியுமுன்னரே சுவீடன் தேசத்துப் பொறியியலாளர் டி லவால், மெல்லிய, வளையத்தக்க அச்சினைத் தம் நீராவிச் சுழலியிற் பொருத்தி, அவ்வெல்லையைக் கடந்து நிமிடத்துக்கு 30,000 சுழற்சிகள் வரை இயக்கிக் காட்டினார்.

இதற்குத் தெளிவான கணித விளக்கத்தை 1919இல் ஜெவ்கொட் அளித்தார். மாறுநிலைக் கதிக்கு மிக அப்பால், பொருள் தன் ஈர்வை மையத்தைச் சுற்றியே சுழல முற்படுகின்றது. அச்சு அதற்கு இணங்கி வளைந்து கொடுக்க, அதிர்வு தணிகின்றது. அறிஞர் வகுத்த எல்லையாயினும் பரிசோதனைக்குட்பட்டதே என்பதற்கு இவ்வரலாறு தக்க சான்றாகும்.