வடசென்னைக் கடற்கரையின் செயற்கைக்கோள் படங்களைச் செயலாக்குதல்

செயற்கைக்கோள் படச் செயலாக்கம் என்பது, பூமியைச் சுற்றும் கோள்கள் பதிவுசெய்து அனுப்பும் ஒளி அளவீடுகளைத் திருத்தி, ஒருங்கிணைத்து, தெளிவாக்கி, வரைபடமாகப் பயன்படுத்தத்தக்க நிலைக்குக் கொண்டுவரும் பணி. முன்பு பெரிய ஆய்வுக்கூடங்களில் மட்டும் நடந்த இப்பணியை, இன்று கியூ.ஜி.ஐ.எஸ். போன்ற இலவச நிலவரை மென்பொருளின் உதவியோடு கல்லூரி மாணவர் ஒருவர் வீட்டுக் கணினியிலேயே செய்துவிடலாம். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் வழியாகக் காட்டுப்பள்ளி வரை நீளும் வடசென்னைக் கடற்கரை இதைக் கற்பதற்கு நல்ல களம். கடல் அரிப்பு, துறைமுகங்கள், அனல்மின் நிலையங்கள், சாம்பல் குளங்கள், உப்பளங்கள், அலையாத்திக் காடு, கழிமுகம் எல்லாம் ஒரே படத்துக்குள் அடங்கிவிடுகின்றன. படம் பார்ப்பவரை ஏமாற்றக்கூடிய இடங்களும் இங்கு அதிகம்.

எது நீர், எது நிலம் என்ற கேள்வி இங்கே வெறும் பாடப் பயிற்சி அல்ல. 1991-இல் வெளிவந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும், அதற்குப் பின் 2011, 2019 ஆண்டுகளில் வந்தவையும் கடலோரத்தில் எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்பதை உயர் அலைக் கோட்டிலிருந்து அளந்தே சொல்கின்றன. எண்ணூர்க் கழிமுகத்தின் எல்லையைக் காட்டும் வரைபடங்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்று மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் 2017-இல் குற்றஞ்சாட்டியது இதனால்தான். 1996-இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல மேலாண்மைத் திட்ட வரைபடத்தையே அவர்கள் ஆதாரமாகக் காட்டினர். வரைபடத்தில் நீர் என்று நிறம் தீட்டப்பட்ட இடத்துக்கு ஒரு சட்டம், நிலம் என்று தீட்டப்பட்ட இடத்துக்கு வேறு சட்டம்.

படம் என்பது எண்களின் அட்டவணை

கணினித் திரையில் ஒளிப்படம் போலத் தோன்றினாலும், செயற்கைக்கோள் படம் உண்மையில் எண்கள் நிரம்பிய கட்டங்களின் தொகுப்பு. ஒவ்வொரு கட்டமும் ஒரு படப்புள்ளி. அந்தத் துண்டு நிலத்திலிருந்து எவ்வளவு ஒளி திரும்பி வந்தது என்பதே அதிலுள்ள எண். நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு என ஒவ்வொரு ஒளிப்பட்டைக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. தரவிறக்கம் செய்பவர் கையில் முதலில் கிடைப்பது பல சாம்பல் நிறக் கோப்புகள்தான். வண்ணம் பிறகுதான் வருகிறது.

படப்புள்ளியின் அளவைச் சென்னைக் கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். லேண்ட்சாட் 8 கோளின் படப்புள்ளி 30 மீட்டர் பக்கமுள்ள சதுரம். அதாவது 900 சதுர மீட்டர், ஏறத்தாழ 4 கிரவுண்டு. ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல் 2 தரும் 10 மீட்டர் படப்புள்ளி அரை கிரவுண்டுக்கும் குறைவு. 1972-இல் ஏவப்பட்ட முதல் லேண்ட்சாட்டின் படங்கள் இன்று 60 மீட்டர் கட்டங்களாக வழங்கப்படுகின்றன. ஒரு கட்டம் 16 கிரவுண்டு. அந்த 16 கிரவுண்டுக்குள் மணல், பாறை, தெரு, கடல்நுரை எல்லாம் இருந்தாலும் ஒரு பட்டையில் ஒரே ஓர் எண்தான் பதிவாகும். ராயபுரம் போன்ற இடங்களில் கடற்கரை என்று எஞ்சியிருப்பது கற்களைக் கொட்டி எழுப்பிய தடுப்பும் அதையொட்டிய சாலையுமே. அங்கே பழைய படங்களில் கரைக்கோட்டைத் துல்லியமாகத் தேடுவது வீண்வேலை.

பழைய படங்கள் கிடைப்பது இப்போது சிரமமில்லை. அமெரிக்க நிலவியல் ஆய்வகம் 2008-இல் லேண்ட்சாட் தொகுப்பு முழுவதையும் இலவசமாக்கியது. 1984 முதல் 2013 வரை இயங்கிய லேண்ட்சாட் 5 எண்ணூருக்கு மிகவும் பயன்படும். வடசென்னை அனல்மின் நிலையம் 1990-களின் நடுவில் இயங்கத் தொடங்கியது. எண்ணூர்த் துறைமுகம், அதாவது இன்றைய காமராசர் துறைமுகம், 2001-இல் செயல்பாட்டுக்கு வந்தது. இரண்டுக்கும் முந்தைய நிலையும் பிந்தைய நிலையும் அந்த ஒரே கோளின் பதிவில் இருக்கின்றன. இந்தியத் தரவுகளுக்கு ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தையும், இஸ்ரோ 2009-இல் தொடங்கிய புவன் தளத்தையும் நாடலாம்.

திருத்தம் முதலில், அழகு பிறகு

மாணவர்கள் பெரும்பாலும் படத்தைத் திறந்தவுடன் நிறத்தைக் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். வரிசை அதுவன்று. முதலில் எண்களைச் சரிசெய்ய வேண்டும்.

கோளுக்கும் தரைக்கும் இடையே காற்று இருக்கிறது. ஆலைப் புகையும் கடல் ஈரமும் கலந்த மணலி, எண்ணூர்க் காற்று நீல, பச்சை ஒளியைச் சிதறடித்து, தரையிலிருந்து வராத ஒளியையும் கணக்கில் சேர்த்துவிடும். வளிமண்டலத் திருத்தம் இந்தக் கூடுதலைக் கழிக்கிறது. இப்போது லேண்ட்சாட், சென்டினல் இரண்டுமே திருத்தம் செய்த படங்களையும் வழங்குகின்றன; அளவீட்டுக்கு அவற்றையே எடுப்பது நல்லது.

எடுத்தாலும் ஒரு படி மிச்சமிருக்கிறது. இடத்தைச் சேமிப்பதற்காக எதிரொளிப்பு மதிப்புகளை முழு எண்களாக மாற்றியே கோப்பில் வைத்திருப்பார்கள். லேண்ட்சாட்டின் இரண்டாம் தொகுப்பில் கோப்பிலுள்ள எண்ணை 0.0000275-ஆல் பெருக்கி, 0.2-ஐக் கழித்தால்தான் உண்மையான எதிரொளிப்பு கிடைக்கும். சென்டினல் 2 படங்களிலும் 2022 ஜனவரியிலிருந்து இதுபோன்ற ஒரு கழித்தல் தேவைப்படுகிறது.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதை நீர்க் குறியீட்டைக் கொண்டு பார்க்கலாம். பச்சைப் பட்டையின் மதிப்பிலிருந்து அண்மை அகச்சிவப்பின் மதிப்பைக் கழித்து, அதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பதே 1996-இல் மெக்ஃபீட்டர்ஸ் முன்வைத்த நீர்க் குறியீடு. நீர் அகச்சிவப்பை விழுங்கிவிடுவதால் அதன் மதிப்பு சுழியத்துக்கு மேல் நிற்கும். செடிகொடிகளின் மதிப்பு சுழியத்துக்கு வெகு கீழே போகும். ஒரு படப்புள்ளியில் பச்சை 10000, அகச்சிவப்பு 8500 என்று இருப்பதாகக் கொள்வோம். திருத்தினால் இவை 0.075, 0.03375 ஆகும், குறியீடு 0.38, ஐயமின்றி நீர். திருத்தாமல் அப்படியே வகுத்தால் 0.08 வரும். நீர் என்பதற்கான வரம்பை 0.1 என்று வைத்திருப்பவரின் வரைபடத்தில் அந்த இடம் நிலமாகிவிடும். மென்பொருள் எந்தப் பிழைச்செய்தியும் காட்டாது.

வண்ணச் சேர்க்கை

மூன்று பட்டைகளைத் திரையின் சிவப்பு, பச்சை, நீலத்துக்கு ஒதுக்குவதே வண்ணச் சேர்க்கை. அகச்சிவப்பைச் சிவப்பாகக் காட்டும் போலிவண்ணப் படத்தில் தாவரங்கள் செந்நிறமாகத் தெரியும். எண்ணூரில் கழிமுக ஓரத்து அலையாத்திச் செடிகள் அடர்சிவப்புத் திட்டுகளாகவும், உலர்ந்த உப்பளங்கள் வெண்மையான கட்டங்களாகவும், ஆழமான நீர் கருநீலமாகவும் தோன்றும். இதற்கு லேண்ட்சாட் 5-இல் 4, 3, 2 ஆகிய பட்டைகளையும் லேண்ட்சாட் 8-இல் 5, 4, 3 ஆகிய பட்டைகளையும் எடுக்க வேண்டும். பழைய பாடக்குறிப்பைப் பார்த்து லேண்ட்சாட் 8-க்கும் 4-ஐ அகச்சிவப்பாக எடுத்துக்கொள்பவர்கள் பலர்; அது சிவப்புப் பட்டை. அப்படி எடுத்தால் காடு முழுவதும் காணாமற்போகும்.

கியூ.ஜி.ஐ.எஸ்-இல் ராஸ்டர் பட்டியலில் உள்ள மெய்நிகர் ராஸ்டர் கருவி, தனித்தனிக் கோப்புகளை ஒரே அடுக்காக இணைத்துத் தரும். சென்னைக்கு யூ.டி.எம். 44 வடக்கு என்ற நிலத்தள அமைப்பைப் பயன்படுத்தினால் தூரமும் பரப்பும் மீட்டரிலேயே கிடைக்கும்.

மேம்படுத்துதல்: எது கூடுகிறது, எது கூடுவதில்லை

லேண்ட்சாட் 8 ஒளியின் அளவை 4096 படிகளில் பதிவுசெய்கிறது. சாதாரணத் திரை ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகளையே காட்டும். கடலோரப் படத்தில் மதிப்புகள் குறுகிய எல்லைக்குள் குவிந்திருப்பதால் திருத்தாத படம் மங்கலாகத் தெரிகிறது. மிகக் குறைந்த 2 விழுக்காட்டையும் மிக அதிகமான 2 விழுக்காட்டையும் ஒதுக்கிவிட்டு, நடுவிலுள்ளதைத் திரையின் முழு அளவுக்கும் நீட்டுவது மாறுபாட்டு நீட்டிப்பு. இதனால் கழிமுகத்தின் சேற்று மேடுகளும் கலங்கல் நீரின் ஓட்டமும் கண்ணுக்குப் புலப்படும்.

நீட்டிப்பு காட்சியை மட்டுமே மாற்றுகிறது. கோப்பிலுள்ள எண்கள் அப்படியே இருக்கும். ஆனால் திரையில் தெரியும் பகுதிக்கு ஏற்ப நீட்டிப்பு தானே மாறும்படி அமைத்திருந்தால், எண்ணூரை நெருங்கிப் பார்க்கும்போது ஒரு நிறமும் விலகிப் பார்க்கும்போது வேறு நிறமும் வரும். 2001-ஆம் ஆண்டின் படத்தையும் 2021-ஆம் ஆண்டின் படத்தையும் இப்படித் தனித்தனியே நீட்டி அருகருகே வைத்து, "நீர் கறுத்துவிட்டது" என்று சொல்வது தவறு. கறுத்திருக்கலாம், அந்தப் படங்கள் அதற்குச் சான்றாகா. இரண்டுக்கும் ஒரே குறைந்த மதிப்பையும் ஒரே உயர்ந்த மதிப்பையும் கையால் இட வேண்டும்.

கூர்மையாக்கலுக்கும் ஓர் எல்லை உண்டு. லேண்ட்சாட் 8-இன் 15 மீட்டர் கறுப்புவெள்ளைப் பட்டையை 30 மீட்டர் வண்ணப் பட்டைகளோடு கலந்தால் சாலைகளும் அலைத்தடுப்புகளும் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்தக் கறுப்புவெள்ளைப் பட்டை கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டுமே பதிவதால், அகச்சிவப்பில் புதிய விவரம் எதுவும் உண்மையில் சேர்வதில்லை. பார்ப்பதற்கு அந்தப் படத்தையும், அளப்பதற்குக் கூர்மையாக்காத படத்தையும் வைத்துக்கொள்வது முறை.

சாம்பலும் நிலக்கரியும் செய்யும் குழப்பம்

நீர்க் குறியீட்டைப் பற்றிய பாடநூல் விளக்கங்கள் தெளிந்த ஏரியையும் பசுமையான வயலையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. எண்ணூரில் இடைப்பட்டவைதான் அதிகம். அனல்மின் நிலையச் சாம்பல் நீரோடு கலந்து குழாய் வழியே சாம்பல் குளத்துக்குப் போகிறது. குழாய்க் கசிவுகளால் கொசஸ்தலையாற்றின் பகுதிகளிலும் சாம்பல் படிந்திருக்கிறது. சாம்பல் எல்லாப் பட்டைகளிலும் கிட்டத்தட்ட ஒரே அளவில் ஒளியைத் திருப்புவதால் அதன் குறியீடு சுழியத்தை ஒட்டியே நிற்கும். ஈரமானால் சற்று மேலே, காய்ந்தால் சற்றுக் கீழே.

விளைவு இரண்டு விதமாகவும் தவறாகப் போகலாம். மேலே நீர் நிற்கும் சாம்பல் குளம், நீர்நிலைப் பரப்பில் சேர்ந்துவிடும். சாம்பல் படிந்து மேடான ஆற்றுப்பகுதியோ நிலமென்று பதிவாகும். ஒரு காலத்தில் இறால் தடவிப் பிடித்த இடம் அது. மொத்தப் பரப்பை மட்டும் பார்த்தால் இவ்விரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்து, கழிமுகத்துக்கு ஒன்றுமே நேரவில்லை என்ற தோற்றத்தைக்கூடத் தரலாம். உப்பளங்களிலும் இதே சிக்கல் உண்டு. பாத்திகளில் நீர் கட்டியிருக்கும் மாதத்துப் படமும் உப்பு வாரிய மாதத்துப் படமும் வெவ்வேறு பதில் சொல்லும்.

துறைமுகங்களை ஒட்டிய நிலக்கரிக் குவியல்கள் எல்லாப் பட்டைகளிலும் கறுப்பு. போலிவண்ணப் படத்தில் அவை குளம் போலவே தோன்றும். பச்சைப் பட்டையில் காற்றின் ஒளிச்சிதறல் கழிக்கப்படாமல் இருந்தால் நீர்க் குறியீடும் ஆமாம் போடும். அகச்சிவப்புக்குப் பதில் குற்றலை அகச்சிவப்பைப் பயன்படுத்தும் திருத்திய குறியீடு, கட்டடங்களை நீரிலிருந்து நன்றாகவே பிரிக்கிறது. சாம்பலுக்கு அதுவும் முழுத் தீர்வல்ல. ஐயமுள்ள திட்டுகளின் ஆயக்குறிகளைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு நேரில் போய்ப் பார்ப்பதே நம்பகமான வழி. காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்களுக்கு எந்த இடத்தில் இடுப்பளவு நீர், எந்த இடத்தில் சாம்பல் என்பது தெரியும். களச் சரிபார்ப்பில் அவர்களைக் கேட்காமல் வரும் வரைபடம் அரைகுறைதான்.

கரைக்கோட்டை ஒப்பிடுதல்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்தின் சுவர்கள் கடலுக்குள் நீண்டபோது, தெற்கிலிருந்து வடக்கே ஆண்டுதோறும் நகரும் மணல் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரத்திலிருந்து கரை அரிக்கத் தொடங்கியது. இந்த மாற்றத்தின் பெரும்பகுதி 1972-க்கு முன்பே நடந்துவிட்டதால், அதைக் காணப் பழைய நில அளவை வரைபடங்களைத் தெரிந்த புள்ளிகளோடு பொருத்தி மென்பொருளில் ஏற்ற வேண்டும். பின்னாளில் அமைந்த தூண்டில் வளைவுகளையும் அவற்றுக்கிடையே ஒதுங்கிய மணலையும் சென்டினல் படங்களில் தெளிவாகப் பார்க்கலாம்.

ஒப்பிடும்போது அலைமட்டத்தை மறக்கக் கூடாது. இந்தக் கோள்கள் முற்பகலில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் கடந்தாலும், அந்த நேரத்தில் கடல் ஏற்றத்தில் இருக்கிறதா இறக்கத்தில் இருக்கிறதா என்பது நாளுக்கு நாள் மாறும். கரையின் சரிவு 20-க்கு 1 என்றால், நீர்மட்டத்தில் அரை மீட்டர் வேறுபாடு கரைக்கோட்டை 10 மீட்டர் நகர்த்திவிடும். சென்டினலில் அது ஒரு முழுப் படப்புள்ளி. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேகமும் கொந்தளிப்பும் இருப்பதால், பிப்ரவரி, மார்ச் மாதப் படங்களை ஆண்டுதோறும் எடுப்பது வசதி. 60 மீட்டர் படத்தையும் 10 மீட்டர் படத்தையும் ஒப்பிட்டு "கரை 25 மீட்டர் பின்வாங்கியது" என்று எழுதும் கட்டுரைகளை நம்ப வேண்டியதில்லை.

எண்ணெய்க் கசிவும் ரேடார் படமும்

2017 ஜனவரி 28 அன்று எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கடலில் கலந்தது. இத்தகைய நேரங்களில் உதவுவது சென்டினல் 1 போன்ற ரேடார் கோள். அது தானே அலையை அனுப்பித் திரும்பப் பெறுவதால் மேகமும் இருளும் தடையல்ல. கடற்பரப்பின் சிற்றலைகள் ரேடார் அலையைத் திருப்பி அனுப்பும். எண்ணெய்ப் படலம் சிற்றலைகளை அடக்குவதால் அந்த இடம் கறுப்பாகத் தெரியும். காற்றே இல்லாத அமைதியான கடலும் அப்படித்தான் தெரியும் என்பதால், படத்தோடு அந்நேரத்துக் காற்றின் வேகத்தையும் பார்க்க வேண்டும். ரேடார் படத்துக்கே உரிய பொரிப்பொரியான இரைச்சலை வடிகட்டும்போது, வடிகட்டியின் சாளரம் பெரிதானால் மெல்லிய படலமும் சேர்ந்து அழிந்துவிடும்.

2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகத்துக்கு வந்தது வேறு வகை. குறுகிய கால்வாயிலும் சேற்றுத் திட்டுகளுக்கு நடுவிலும் காற்று குறைவு, சிற்றலையும் குறைவு. எண்ணெய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ரேடாரில் பெரும்பாலும் கறுப்புதான். அலையாத்தி வேர்களிலும் படகுகளிலும் வலைகளிலும் ஒட்டிய எண்ணெய் எந்த 10 மீட்டர் படப்புள்ளியிலும் அடங்காது. அங்கே எண்ணெய் பரவிய எல்லையை வரைய, படகில் சென்று எடுத்த ஒளிப்படங்களும் அவற்றின் ஆயக்குறிகளும்தான் அடிப்படையாக முடியும். செயற்கைக்கோள் படம் அவற்றுக்கு அடியில் விரிக்கும் பின்னணி அடுக்கு மட்டுமே.