அப்பா இறந்த பிறகு உருவான பிள்ளைக்குப் பங்கு உண்டா?

ஆஹெனில் டவுன் பஸ் ஏறினால் அரை மணிக்குள் நெதர்லாந்தின் வால்ஸ் வந்துவிடும். அந்தப் பக்கம் பெல்ஜியம். ஊரிலிருந்து வருகிற சொந்தக்காரர்களை எல்லாம் மூன்று நாடும் சந்திக்கும் எல்லைக் கல்லுக்குக் கூட்டிப்போய் போட்டோ எடுப்போம். ஒரு விஷயத்தில் மட்டும் அந்தக் கல் பெரிய சுவர்.

புற்றுநோய் சிகிச்சைக்கு முன் விந்தணுவை உறைய வைத்த ஒருவர் இறந்துபோகிறார் என்று வையுங்கள். மனைவி அதைக்கொண்டு குழந்தை பெறலாமா? பெல்ஜியத்தில் பெறலாம். 2007-ம் ஆண்டுச் சட்டப்படி கணவரின் எழுத்துபூர்வ சம்மதம் வேண்டும். இறந்து ஆறு மாதம் கழித்து, இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். நெதர்லாந்திலும் எழுத்துபூர்வ சம்மதம் இருந்தால் முடியும். ஜெர்மனியில் அது குற்றம். 1991 முதல் அமலில் இருக்கும் கருப் பாதுகாப்புச் சட்டப்படி, தெரிந்தே செய்யும் டாக்டருக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது அபராதம். அந்தப் பெண்ணுக்குத் தண்டனை இல்லை. ஆனால் 2017-ல் கணவரின் விந்தணுவைக் கேட்டுப் போன ஒரு பெண்ணுக்கு மூனிச் மேல் நீதிமன்றம் அதைத் தர மறுத்துவிட்டது.

சரி, இந்தியாவில்? கல்யாணமாகாத ஓர் இளைஞர் 2020-ல் கீமோதெரபிக்கு முன் டெல்லி கங்கா ராம் மருத்துவமனையில் விந்தணுவைச் சேமித்தார். அதே வருஷம் இறந்தார். பெற்றோர் கேட்டபோது மருத்துவமனை தரவில்லை. 2024 அக்டோபர் 4-ல் நீதிபதி பிரதிபா எம். சிங், அதைப் பெற்றோரிடம் கொடுக்க உத்தரவிட்டார். உரியவரின் சம்மதம் இருந்தால் இதைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் இல்லை என்றார்.

பெறலாமா கூடாதா என்று எல்லோரும் பேசுகிறோம். பிறக்கிற பிள்ளையின் பங்கைப் பற்றிப் பேச ஆளில்லை. வயித்துப் பிள்ளைக்கும் பங்கு உண்டு என்பது நமக்குத் தெரிந்ததுதான். 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவும், ஜெர்மன் சிவில் சட்டத்தின் 1923-வது பிரிவும் அதையே சொல்கின்றன. ஆனால் இரண்டுமே அப்பா இறக்கும்போது கரு உருவாகியிருக்க வேண்டும் என்கின்றன. பிறகு உருவான பிள்ளைக்கு அதில் இடமில்லை. ஜெர்மனியில், கணவர் இறந்து 300 நாளுக்குள் பிறந்தால்தான் அவர் தானாகவே சட்டப்படி அப்பா.

மற்ற வாரிசுகள் எத்தனை வருஷம் காத்திருப்பார்கள் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் பெல்ஜியம் வைத்திருக்கும் கெடு மாதிரி ஒன்றுதான். எழுதிய சம்மதம் இருந்து, கெடுவுக்குள் கருவானால், அந்தப் பிள்ளைக்கு அப்பா பெயரும் பங்கும் கிடைக்க வேண்டும். பிள்ளை என்ன தப்பு செய்தது?

சட்டம் மாறும்வரை நம்ம ஆட்கள் செய்ய வேண்டியது உயில் எழுதுவது. ஜெர்மனியில் குடியிருந்து இறந்தால், 2015 ஆகஸ்ட் முதல் பொதுவாக ஜெர்மன் வாரிசுச் சட்டம்தான் பொருந்தும். ஊரில் உள்ள நிலம், வீட்டுக்கு இந்தியச் சட்டம். இன்னும் கருவாகாத பிள்ளையைக்கூட பின்வாரிசாக உயிலில் எழுத ஜெர்மன் சட்டம் இடம் தருகிறது. நோட்டரி இல்லாமல் எழுதினால் முழுக்கக் கைப்பட எழுதிக் கையெழுத்திட வேண்டும். டைப் அடித்தது செல்லாது. ஊர்ச் சொத்துக்குத் தனியாக ஒரு வக்கீலைப் பாருங்கள். சிகிச்சை தொடங்கும் முன்பே, சம்மதக் கடிதத்தோடு சேர்த்து இதையும் முடித்துவிடுங்கள்.