வாவிக்குள் இறங்கும் செவி

மண்டூர்த் துறையில் நிற்பவர் காதில் விழுவதெல்லாம் நீருக்கு மேலே எழும் ஒலிகள்தான்: குருமண்வெளியிலிருந்து வரும் 'பாதை' என்னும் மிதவைப் படகின் எஞ்சின், கண்டல் கிளையிலிருந்து கத்தும் மீன்கொத்தி, முருகன் கோயில் மணி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவிக்குள்ளே நடப்பது நமக்கு எட்டுவதில்லை. நீருக்குள் பிறக்கும் ஒலி மேற்பரப்பில் முட்டித் திரும்பிவிடுகிறது. அதன் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் காற்றுக்குள் ஏறும்.

இந்தத் தடையைத் தாண்ட வாவிக்கரை மீனவர்கள் ஒரு வழி வைத்திருந்தார்கள். சவளின், அதாவது துடுப்பின், ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு ஒட்டிவைத்தால், மரத்தின் வழியே ஒலி நேராக ஏறிவரும். கல்லடிப் பக்கம், ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான நிலாக்கால இரவுகளில், 'பாடும் மீன்' கேட்பதற்குச் சொல்லப்படும் முறை இதுதான். 1848இல் மட்டக்களப்புக்கு வந்த பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட் அந்த ஒலியைக் கேட்டுத் தன் நூலில் எழுதினார். பாடுவது ஊரி என்னும் நத்தை வகை என்று மீனவர்கள் அவருக்குச் சொன்னார்கள். மீனா, ஊரியா என்ற வாதம் இன்றுவரை ஓயவில்லை. காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 'நீரரமகளிர் இன்னிசைப் பாடல்' எழுதியது இந்த வாவியின் இசையை நினைத்துத்தான். 1950களில் அமெரிக்க இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் அந்த ஒலியைப் பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியிலும் ஒலித்தது. அப்படியொரு பதிவு இன்று வெளிவந்தால் அதைப் பரிசோதனை இசை அடுக்கில் வைத்து, உலகின் பல மூலைகளிலிருந்தும் தேடிக் கேட்பார்கள்.

சவள் செய்த வேலையை இன்று செய்யும் கருவி ஹைட்ரோஃபோன், அதாவது நீரடி ஒலிவாங்கி. அதன் உயிர்நாடி 1880இல் பியர், ஜாக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த ஓர் இயல்பு. சில படிகங்களை அழுத்தினால் அவற்றின் முகங்களில் மின்னேற்றம் தோன்றும். ஒலியலை என்பதே மாறி மாறி வரும் அழுத்தம் என்பதால், நீரில் மூழ்கிய படிகம் ஒவ்வோர் அலைக்கும் ஒரு சிறு மின்னழுத்தத்தைத் தருகிறது. முதல் உலகப் போரின்போது நீர்மூழ்கிகளைத் தேடுவதற்காகப் பிரெஞ்சு இயற்பியலாளர் போல் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தைக் கடலுக்குள் இறக்கினார். அங்கிருந்துதான் இந்தக் கருவியின் நவீன வரலாறு தொடங்குகிறது.

வீட்டிலேயே ஒன்று செய்யலாம். அலாரக் கடிகாரத்தில் பீப் ஒலி எழுப்பும் பித்தளைத் தட்டு இருக்கிறதல்லவா, அதுவும் இதே வகைப் பொருள்தான். உறையிட்ட வயரை அதில் பற்றவைத்து, நீர் புகாதபடி எப்பொக்சி பூசிவிட்டால் கருவி ஆயத்தம். பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். கருவியை நேரே கைபேசியில் செருகிவிட்டு, வெறும் சீறல்தான் கேட்கிறது என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். அந்தத் தட்டின் மின்கொள்ளளவு ஏறத்தாழ 20 நானோஃபரட். கைபேசியில் இருப்பது போன்ற 2,000 ஓம் தடையுள்ள உள்ளீட்டில் அதைக் கொடுத்தால் ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ள ஒலிகள் தேய்ந்துபோகும். மீன்களின் குரலோ பெரும்பாலும் 1,000 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். நடுவில் 10 லட்சம் ஓம் தடையுள்ள ஒரு சிறு முன்பெருக்கியை வைத்தால் அந்த எல்லை 8 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். இந்த ஒரு சின்னப் பெட்டிதான் முழு வேறுபாட்டையும் உண்டாக்குகிறது.

வெப்பமண்டல ஆழமற்ற உப்புநீரில் ஒலிவாங்கியை இறக்கியதும் பெரும்பாலும் முதலில் கேட்பது, சட்டியில் கடுகு வெடிப்பது போன்ற ஓயாத படபடப்பு. அது சொடுக்கு இறாலின் வேலை. விரல் நீளமே உள்ள அந்த உயிர் தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் நீர் பீறிட்டு, ஒரு குமிழி உண்டாகிச் சிதைகிறது. சத்தம் கொடுக்கு மோதுவதால் அல்ல, அந்தக் குமிழி உடைவதால்தான் எழுகிறது என்பது 2000ஆம் ஆண்டில்தான் அதிவேகக் கமராவால் உறுதியானது. மீன்கள் பாடும் விதம் வேறு. பல இனங்கள் காற்றுப்பையைத் தசையால் அதிரவைக்கின்றன. தேரைமீனின் அந்தத் தசை நொடிக்கு 200 முறை சுருங்கி விரியவல்லது. கலிபோர்னியாவின் சோசலிட்டோவில் படகுவீட்டுக்காரர்களின் தூக்கத்தைக் கெடுத்த இரவு முரலொலி, இதன் உறவான மிட்ஷிப்மன் என்ற மீனின் காதல் அழைப்பு.

இந்தக் கருவியை நம்பியே ஓர் இசை உலகம் இருக்கிறது. 1970இல் வந்த கூன்முதுகுத் திமிங்கிலப் பாடல் தட்டைப் பலர் அறிவார்கள். நான் சொல்ல விரும்புவது அதிகம் பேர் காதில் படாதவற்றை. அயர்லாந்தின் டொம் லோரன்ஸ் 2011இல் கிருயென்ரெகோர்டர் என்ற சிறிய ஜேர்மன் நிறுவனத்தின் மூலம் வெளியிட்ட தொகுப்பு 'வோட்டர் பீட்டில்ஸ் ஒஃப் பொலார்ட்ஸ்டவுன் ஃபென்'. ஒரு சதுப்புநிலத்தின் நீர்வண்டுகளும் பூச்சிகளும் மட்டுமே அதில் இசைக்கலைஞர்கள். கேட்பவர் மின்னிசைக் கருவிகள் என்றே நினைப்பார். முதலில் கேட்கவேண்டியது இதைத்தான் என்பேன். நம் குளக்கட்டுகளிலும் இப்படியொரு கச்சேரி நடக்கிறது என்ற எண்ணம் உடனே வந்துவிடும். நோர்வேயின் யானா விண்டெரன் கலை கற்பதற்கு முன் கணிதமும் வேதியியலும் மீன் சூழலியலும் படித்தவர். 2010இல் 'டச்' (Touch) என்ற இசை நிறுவனம் வெளியிட்ட அவரது 'எனர்ஜி ஃபீல்ட்' பனிப்பாறைப் பிளவுகளையும் கொட் மீன்களையும் ஒன்றாக நெய்கிறது. அதற்கு முந்திய ஆண்டில் ஒலிநாடாவாக வந்த அவரது 'த நோய்சியஸ்ட் கைஸ் ஒன் த பிளனட்' முழுவதும் இறால், நண்டு குலத்துக்கே உரியது. இசையமைப்பாளர் அனியா லொக்வூட் டனியூப் நதியைக் கரையிலும் நீரடியிலும் பதிவு செய்து ஓர் ஒலிவரைபடமாகவே தந்திருக்கிறார்.

இத்தகைய தொகுப்புகளைக் கலைஞர் பெயரால் தேடினால் ஒன்றிரண்டோடு நின்றுவிடுவோம். நிறுவனத்தைப் பின்தொடருங்கள். டச், கிருயென்ரெகோர்டர் போன்றவை ஒரே ரசனையில் பத்துப் பதினைந்து பேரை வரிசையாக அறிமுகம் செய்யும். 2008இல் தொடங்கிய பான்ட்காம்ப் தளத்தில் 'ஃபீல்ட் ரெக்கோடிங்', 'ஹைட்ரோஃபோன்' என்ற குறிச்சொற்களைத் தட்டினால் பெரிய இசைச் சேவைகள் முன்வைக்காத பல வெளியீடுகள் வரும். விலையைப் பூச்சியமாக வைத்துக்கூட அங்கே ஒருவர் தன் பதிவை ஏற்றலாம்.

மண்டூர் இளைஞர் ஒருவர் அப்படி ஏற்ற நினைத்தால் சில யோசனைகள். எஞ்சின் சத்தம் நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் வேகத்தில் நெடுந்தூரம் போகும். கடைசிப் பாதை கரை சேர்ந்த பிறகு தொடங்குங்கள். வயர் தோணியில் உரசாதபடி ஒரு மிதவையில் கட்டுங்கள். இறாலின் படபடப்பைக் கணினியில் முழுவதும் வெட்டிவிடாதீர்கள், அது வாவியின் தாளம். ஒவ்வொரு பதிவிலும் இடம், நாள், நேரம், நிலாவின் பிறை, நீரின் ஆழம், முகத்துவாரம் திறந்திருந்ததா மூடியிருந்ததா என்பதை எழுதுங்கள். கடல்நீர் வந்து போவதைப் பொறுத்து வாவியின் உப்பும், அதில் வாழும் உயிர்களும், அதனால் பாட்டும் மாறும்.