நகைநாடகமும் இளையோரும்
('பிரெண்ட்ஸ்' என்னும் தொடரைப் பற்றிய ஓர் ஆராய்ச்சி)

சுவைகள் பலவற்றுள்ளும் நகைச்சுவையைப் போல மக்கள் மனத்தை எளிதிற் கவர்வது பிறிதில்லை. துயர நாடகத்தைக் காண விரும்பிச் செல்வாரும் உளராயினும், நாள்தோறும் தம் இல்லத்திற்குள்ளேயே அதனை வரவழைப்பார் மிகச் சிலரே. நகையோ எந்நாளும் வரவேற்கப்படும் விருந்து. அவ்விருந்து யாண்டிருந்து வந்தது, தன்னொடு கொணர்ந்தது யாது என்று வினவாமலே நாம் கதவைத் திறந்துவிடுகின்றோம்.

நம் கல்லூரியின் பழைய மாணவரும், இப்பொழுது அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் வாழ்பவருமாகிய அன்பர் ஒருவர், சில திங்களுக்கு முன் எமக்கு ஒரு கடிதம் வரைந்தார். அவருடைய மகளுக்கு வயது பன்னிரண்டு. அவளுடைய பள்ளித் தோழியர் அனைவரும் 'பிரெண்ட்ஸ்' என்னும் பழைய தொலைக்காட்சித் தொடரைக் கண்டு, அதில் வரும் பேச்சுக்களையே தம்முட் பேசி மகிழ்கின்றனராம். தான் மட்டும் அதனைக் காணாமையால், நண்பகல் உணவு வேளையில் வாய்மூடி அமர்ந்திருக்க நேர்கின்றதென்று அவள் அழுதாளாம். "தடுத்தால் தனிமைப்படுவாள், விடுத்தால் வயதுக்கு மிஞ்சியவற்றை அறிவாள். யான் செய்யத்தக்கது யாது?" என்று அவர் வினவியிருந்தார். இவ்வினா அவர் ஒருவர்க்கே உரியதன்று. மக்களைப் பெற்றோர்க்கும், தம்பி தங்கையரை உடைய மாணவர்க்கும் இஃது ஒருநாள் எழுவதே. ஆதலின், யாம் அவர்க்கு எழுதிய விடையைச் சிறிது விரித்து ஈண்டு வெளியிடுகின்றோம்.

தொடரின் வரலாறு

டேவிட் கிரேன், மார்த்தா காஃப்மன் என்னும் இருவர் படைத்த இத்தொடர், 1994-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22-ஆம் நாள் என். பி. சி. என்னும் அமெரிக்க ஒளிபரப்பு நிலையத்திற் தொடங்கி, 2004-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் முடிவெய்திற்று. பத்துப் பருவங்களில் 236 பகுதிகள் வெளிவந்தன. இறுதிப் பகுதியை அந்நாட்டில் மட்டும் 5 கோடிக்கு மேற்பட்டோர் கண்டனர்.

நியூயார்க் நகரில் வாழும் ஆறு நண்பர்களின் வாழ்க்கையே இதன் பொருள். மானிக்கா சமையற்கலை வல்லவள். அவள் தமையன் ராஸ், மண்ணிற் புதைந்த பண்டை உயிர்களை ஆராயும் அறிஞன். ரேச்சல் செல்வர் வீட்டில் வளர்ந்தவள். ஃபீபி தெருவில் வறுமையுற்று வளர்ந்து, பாட்டுப் பாடித் திரிபவள். ஜோயி வாய்ப்புத் தேடும் நடிகன். சாண்ட்லர் தான் விரும்பாத அலுவலொன்றில் இருந்துகொண்டு, எதனையும் பரிகசித்துக் காலங்கழிப்பவன். 'சென்ட்ரல் பெர்க்' என்னும் காப்பிக் கடையும், எதிரெதிரே அமைந்த இரு குடியிருப்புக்களும் இவர்கள் கூடும் இடங்கள்.

தொடக்கத்தில் இவர்கள் இருபதைக் கடந்து முப்பதை எய்தாதவர்கள் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளல் வேண்டும். மணமாகாத ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அறியும்பொருட்டு உணவுச்சாலைக்கும் நாடகசாலைக்கும் உடன் செல்லும் வழக்கத்தை அந்நாட்டார் 'டேட்டிங்' என்பர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பெண்ணின் இல்லத்திற்கு இளைஞன் வந்து, பெற்றோர் அருகிருக்கப் பேசிச் செல்வதே நன்மக்கள் வழக்கமாயிருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரங்கள் பெருகவும் மோட்டார் வண்டிகள் மலியவும், அச்சந்திப்பு வீட்டைவிட்டு வெளியேறிற்று. வெளியேறிய பின் அதற்குரிய நெறியைப் பெற்றோர் கற்பித்தல் அரிதாயிற்று. நண்பரும், திரைப்படமும், பின்னர்த் தொலைக்காட்சியுமே அதற்கு ஆசிரியராயின. 'பிரெண்ட்ஸ்' தொடரை யாம் வெறும் பொழுதுபோக்கென்று தள்ளாமைக்குக் காரணம் இதுவே.

நகை பிறக்கும் முறை

ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ 22 நிமிடம் ஓடுவது. அரைமணி நேரத்தில் எஞ்சியது விளம்பரங்களுக்குரியது. அச்சிறு பொழுதிற்குள் இரண்டு மூன்று கதைகள் பின்னப்பட்டு, சிக்கலுற்று, அவிழ்தலும் வேண்டும். காலிபோர்னியாவிலுள்ள பர்பேங்க் நகரின் படப்பிடிப்பு நிலையத்தில், பெரும்பாலும் அவையோர் முன்னிலையிலேயே இது நடிக்கப்பட்டது. ஒரு சொல்லுக்கு அவையோர் நகையாராயின், ஆசிரியர்கள் அவ்விடத்திலேயே அதனை மாற்றி வேறு சொல்லை வைப்பர். எனவே, எஞ்சி நின்றவை யாவும் வயதுவந்த அயலாரின் சிரிப்பாற் சலித்தெடுக்கப்பட்டவை. அச்சல்லடை உண்மையையோ நன்மையையோ அளப்பதன்று.

இச்சிரிப்பின் மறுபக்கம் ஒன்றுண்டு. சாண்ட்லராக நடித்த மாத்யூ பெர்ரி, அறுவரும் மீண்டும் கூடிய 2021-ஆம் ஆண்டு நிகழ்ச்சியில், அவையோர் நகையாவிடின் தாம் இறந்துபடுவது போன்ற உணர்ச்சி தமக்கு அக்காலத்து இருந்ததென வெளிப்படையாகக் கூறினார். மதுவுக்கும் மருந்துகளுக்கும் அடிமையாகித் தாம் பட்ட பாட்டை 2022-இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள், தம் 54-ஆம் வயதிற் காலமானார். உலகையெல்லாம் நகைப்பித்தவர், நகைப்பித்துக்கொண்டிருந்த அந்நாட்களிலேயே நோயுற்றிருந்தார். இதனை இளையோர் அறிதல் நன்று. தம் வகுப்பில் எந்நேரமும் பரிகாசம் பேசும் தோழனை அவர்கள் வேறு கண்கொண்டு நோக்குவர்.

கொள்ளத்தக்கன

திருவள்ளுவர் நட்பின் இலக்கணத்தையும், அதனை ஆராய்ந்து கொள்ளும் முறையையும், பழைமை பாராட்டலையும், தீ நட்பையும், கூடா நட்பையும் ஐந்து அதிகாரங்களில் வகுத்தார். சிரித்துக் களித்தற்காக மட்டும் அமைவது நட்பன்றென்பதும், நெறி தவறுமிடத்து இடித்துரைத்தற்கே நண்பர் வேண்டுமென்பதும் அவர் கருத்து. அவ்வளவுகோலை இத்தொடருக்கு வைத்து நோக்குவோம்.

முதற் பகுதியில், ரேச்சல் தான் விரும்பாத மணத்தை விட்டு, மணக்கோலத்துடனே ஓடிவருகின்றாள். தந்தையின் பணத்தில் வாழ்ந்து பழகிய அவளிடம், அப்பணத்திற்குரிய கடன் அட்டைகளை வெட்டியெறியுமாறு நண்பர் வற்புறுத்துகின்றனர். அவளும் அவ்வாறே செய்து, காப்பிக் கடையிற் பணிப்பெண்ணாகின்றாள். இஃது இடித்துரைத்தலே. இரண்டாம் பருவத்தில், நன்கு சம்பாதிக்கும் மூவரும் விலைமிக்க உணவுச்சாலைக்கு அழைக்க, வருவாய் குறைந்த மூவரும் தம் இயலாமையைக் கூற நாணிப் புழுங்குகின்றனர். இத்தகைய நாணம் விடுதி மாணவர் அறியாததன்று. ஃபீபி தன் தம்பியும் அவன் மனைவியும் பிள்ளையின்றி வருந்தக்கண்டு, அவர்தம் கருவைத் தானே சுமந்து மூன்று மகவுகளைப் பெற்றுக் கொடுக்கின்றாள். மானிக்காவும் சாண்ட்லரும் மணந்து, மகப்பேறு வாய்க்காத துன்பத்தை ஒருவரையொருவர் பழியாது தாங்கி, இறுதியில் மகவைத் தத்தெடுக்கின்றனர். இவை நகையின் நடுவே அமைந்த நல்ல பாடங்கள்.

தள்ளத்தக்கன

இனிக் குறைகளைக் கூறுவோம். முதலாவது, உடற்சேர்க்கை இத்தொடரில் மிக எளிய பொருளாகப் பேசப்படுகின்றது. ஜோயி இன்று ஒருத்தியோடும் நாளை மற்றொருத்தியோடும் கூடுவதும், மறுநாள் அவள் பெயரும் அவனுக்கு நினைவிலில்லாமையும் நகைக்குரியனவாகவே வைக்கப்பட்டன. அவ்வாறு மறக்கப்பட்ட பெண்ணின் வீட்டை நாடகம் நமக்குக் காட்டுவதில்லை.

இரண்டாவது, 1997-இல் வந்த மூன்றாம் பருவத்தில், ராஸும் ரேச்சலும் பிணங்கிய இரவிலேயே அவன் வேறொருத்தியை நாடுகின்றான். மறுநாள் இருவரும் பிரியும் காட்சி பொய்யற்றது. மற்றை நால்வரும் அடுத்த அறையில் அடைபட்டுக் கேட்டு வருந்துகின்றனர். ஆயினும், பின்வந்த ஆண்டுகளில், அப்பொழுது அவர்கள் பிரிந்திருந்தனரா இல்லையா என்னும் வழக்கு அடிக்கடி எழும் வேடிக்கையாயிற்று. நம்பிக்கைத் துரோகம் சொற்போராக மாறியதே ஈண்டுக் கேடு.

மூன்றாவது, நம்மனோர் கல்லூரியிற் பயில்வோராதலின் இதனைச் சிறப்பாகக் கூறுகின்றோம். 2000-ஆம் ஆண்டிற் காட்டப்பட்ட ஆறாம் பருவத்தில், பல்கலைக்கழக ஆசிரியனாகிய ராஸ் தன் மாணவி ஒருத்தியோடு காதல் கொள்கின்றான். விதிக்கு மாறென்றும், அறியின் வேலை போமென்றும் அவன் அஞ்சும் அச்சமே நகைப்பொருள். மதிப்பெண் இடும் கையை உடையவன் விரும்பினால் மாணவி மறுத்தல் எங்ஙனம் என்னும் வினாவை நாடகம் எழுப்பவேயில்லை. நாம் எழுப்புதல் வேண்டும்.

நான்காவது, இளமையிற் பருத்த உடலினளாயிருந்த மானிக்காவும், பிறப்பில் ஆணாயிருந்து பெண்ணாய் வாழும் சாண்ட்லரின் பெற்றோரும் பன்முறை பரிகசிக்கப்படுகின்றனர். பல இனத்தார் நிறைந்த நியூயார்க்கில், இவ்வறுவரைச் சூழ்ந்தோர் பெரும்பாலும் வெள்ளையராகவே இருந்தனர். படைத்தவருள் ஒருவராகிய காஃப்மன் இதற்கு நாணுவதாக 2022-இல் ஒப்புக்கொண்டு, தாம் பயின்ற பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிரிக்க, ஆப்பிரிக்க அமெரிக்கக் கல்விக்கென 40 லட்சம் டாலர் அளிக்க முன்வந்தார். பிழையை உணர்ந்து ஈடுசெய்ய முயன்றமை போற்றத்தக்கது.

விதிகளும் ஆராய்ச்சிகளும்

தொடர் தொடங்கிய 1994-இல், அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வயதுக் குறியீடு ஏதும் இல்லை. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திற்குப் பின்னரே 'டிவி-பிஜி', 'டிவி-14' முதலிய குறியீடுகள் வந்தன. 2000-ஆம் ஆண்டு முதல், 13 அங்குலமும் அதற்கு மேலும் அகன்ற புதிய பெட்டிகளில், வேண்டாதவற்றைப் பெற்றோர் தடுப்பதற்கான 'வி-சிப்' என்னும் கருவி கட்டாயமாயிற்று. இக்காலத்து இணைய வழியாக இத்தொடரை வழங்குவோர், பதினான்கு வயதிற்குட்பட்டோர்க்கு ஏற்றதன்று என்னும் பொருள்படும் 'டிவி-14' குறியை இட்டுள்ளனர். ஆயினும், வீட்டின் நடுவே ஒரே பெட்டி இருந்த காலத்தில், தந்தை இருமினால் நாடகம் நின்றது. கைபேசியிற் காதுக்குழலோடு காணும் சிறுமிக்கு அத்தடை இல்லை.

ராண்ட் என்னும் ஆராய்ச்சிக் கழகத்தார் 2004-இல் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், 12 முதல் 17 வயதுவரையுள்ள 1,792 பேரை ஆராய்ந்து, காமப் பொருளைத் தொலைக்காட்சியில் மிகுதியாகக் கண்டோர், குறைவாகக் கண்டோரினும் விரைவில் அவ்வொழுக்கத்திற் புகுந்தனரெனக் கூறினர். காட்சியேயன்றிப் பேச்சும் அத்தகைய தொடர்புடையதென்பது அவர் முடிபு. லாரன்ஸ் ஸ்டைன்பர்க், கேத்ரின் மோனகன் என்னும் உளவியலறிஞர் அதே கணக்கை 2011-இல் வேறு முறையால் ஆராய்ந்து, அம்முடிபு நிலைபெறாதென மறுத்தனர். முன்னரே அவ்வழியில் மனஞ்சென்றவரே அத்தகைய நாடகங்களை நாடுதலும் கூடும். ஆகவே, நாடகமே கெடுத்ததென்று அறுதியிட்டுக் கூறல் இயலாது.

எமக்குப் பெரிதும் பயன்பட்டது 2003-இல் அக்கழகத்தார் வெளியிட்ட பிறிதோர் ஆராய்ச்சி. 'பிரெண்ட்ஸ்' தொடரின் ஒரு பகுதியில், கருத்தடை உறையும் தவறக்கூடும் என்னும் செய்தி வந்தது. அத்தொடரை வழக்கமாகக் காணும், 12 முதல் 17 வயதுவரையுள்ள 506 பேரை வினவியபொழுது, அப்பகுதியைக் கண்டவருள் நூற்றுக்குப் பத்துப்பேர் அதனைப் பற்றி வயதுவந்தோர் ஒருவரோடு உரையாடியமை தெரியவந்தது. அங்ஙனம் உரையாடியோர் அச்செய்தியை மற்றையோரினும் நன்கு நினைவிற் கொண்டிருந்தனர். நாடகம் வினாவை எழுப்புகின்றது. அருகிருக்கும் பெரியோரே விடையை நிலைநிறுத்துகின்றனர்.

எம் முடிபு

பத்து வயதினர்க்கு இத்தொடர் வேண்டுவதன்று. நகையின் பாதி அவர்க்கு விளங்காது. விளங்கும் பாதி அவர்க்கு உரியதன்று. பன்னிரண்டு பதின்மூன்று வயதினர், பெற்றோர் தேர்ந்த பகுதிகளைப் பெற்றோருடன் இருந்து காணலாம். பதினான்கைக் கடந்தோரைத் தடுத்தலாற் பயனில்லை. அவர்களொடு பேசுதலே தக்கது. பேசுங்கால் உபதேசம் வேண்டா. "இவள் இடத்தில் நீ இருப்பின் சிரிப்பாயோ?" என்று ஒரு வினா வினவினாற் போதும். நம் மாணவரும் தம் தம்பி தங்கையர்க்கு இத்தொண்டைச் செய்யலாம். பெற்றோரிடம் கேட்க நாணுவதை அவர்கள் அண்ணன் அக்காளிடம் கேட்பர்.

இவ்வாறு யாம் எழுதிய பின், அவ்வன்பர் அண்மையில் மறுமொழி விடுத்துள்ளார். வாரத்தில் இருநாள் தந்தையும் மகளும் சேர்ந்து கண்டு வருகின்றனராம். சில பகுதிகளை அவர் முன்னரே பார்த்து விலக்கிவிடுகின்றார். ராஸும் ரேச்சலும் பிரிந்த காட்சியைக் கண்ட அன்றிரவு, "அப்பா, அவர்கள் ஏன் பிறகு அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள்?" என்று மகள் கேட்டாளாம். அவர்க்கு உடனே விடை தோன்றவில்லை. தமக்கும் தெரியவில்லையென்றே கூறினாராம். பின்னர் இருவரும் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனராம். பள்ளியில் உணவு வேளையில் அவள் இப்பொழுது வாய்மூடி இருப்பதில்லை என்றும், தோழியர் சிரிக்கும் எல்லா இடத்திலும் அவள் சிரிப்பதுமில்லை என்றும் அவர் எழுதியிருக்கின்றார்.