பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்புங்கள், இந்தக் கோடையிலேயே!



பிசானம் அறுத்து, வைக்கோலைப் படப்பு போட்டாச்சு. அடுத்த போகத்துக்கு அணை திறக்க இன்னும் நாள் இருக்கு. வாழை போட்டவங்களுக்குத் தண்ணி பாய்ச்சுற வேலை. பள்ளிக்கூடத்தையும் மூடிட்டாங்க. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? காலையில் கஞ்சியைக் குடிச்சிட்டுக் கிளம்பினால் கிணறு, குளம், வாய்க்கால், ஆறுதான். நீச்சல் தெரியாத பிள்ளையும் கூட்டத்தோடு இறங்கிவிடுது. மணல் அள்ளின பள்ளம் தாமிரபரணியில் எங்கே இருக்குன்னு பெரியவங்களுக்கே தெரியாது. கோடை வந்தாலே பிள்ளைகள் தண்ணியில் மூழ்கின துக்கச் செய்தியைப் படிக்கிறோம்.

இதற்கு ஒரு நல்ல வழி, கல்லூரி மாணவர்கள் நடத்துகிற பகல் முகாம். காலையில் போய்ச் சாயங்காலம் வீடு திரும்புகிற முகாம் இது. இடம் கல்லூரி வளாகம். சொல்லிக் கொடுப்பது அங்கே படிக்கிற அண்ணன்மாரும் அக்காமாரும்.

அவர்கள் ஏன் நமக்காக வரணும்னு கேட்பீர்கள். நாட்டு நலப்பணித் திட்டம் என்று ஒன்று இருக்கிறது. காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24-ல், 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கினார்கள். இதில் சேர்ந்த மாணவர் இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம் பொதுத்தொண்டு செய்யணும். 7 நாள் கிராமத்தில் தங்கி முகாமும் போடுவார்கள். நம் ஊரில் மரக்கன்று நட்டு, தெரு கூட்டிப் போன பிள்ளைகள் இவர்கள்தான். அவர்கள் நம் ஊருக்கு வருவது பழக்கம். நம் பிள்ளைகள் அவர்கள் இடத்துக்குப் போகட்டும் என்பதுதான் நான் சொல்வது.

வாத்தியாரிடம் கேட்கப் பயப்படுகிற பிள்ளை, அக்காவிடம் தைரியமாகக் கேட்கும். கொரோனாவுக்குப் பிறகு 2021 அக்டோபரில் தமிழக அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில், தன்னார்வலர்கள் மாலை நேரத்தில் பாடம் சொல்லிக் கொடுத்ததை நாம் பார்த்தோமே!

முகாமில் பாட்டு, விளையாட்டு மட்டும் இருந்தால் போதாது. 100 நெல்லை எண்ணி ஈரச்சாக்கில் சுருட்டி வைத்து, எத்தனை முளைக்குதுன்னு பார்க்கச் சொல்லலாம். 80-க்குக் குறைந்தால் அது விதைக்கு ஆகாது. அந்தப் பிள்ளை வீட்டுக்கு வந்து, "அப்பா, நம்ம விதை நெல்லையும் பார்ப்போமா?" என்று கேட்கும். கொற்கைப் பிள்ளைக்குத் தன் ஊர் பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் என்று சொல்லிக் கொடுக்கணும். 1968-லும் 2021-லும் தமிழகத் தொல்லியல் துறை அங்கே அகழாய்வு செய்தது. ஆற்று வண்டல் படிந்து படிந்து கடல் தள்ளிப் போன கதையை மண்ணை வைத்தே விளக்கலாம்.

இதைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. கல்லூரியைப் பஸ்ஸிலிருந்து மட்டும் பார்த்த பிள்ளைகள் நம் ஊர்களில் நிறைய. பெண்பிள்ளை பத்தாவது முடித்ததும் "போதும்மா" என்கிறோம். செலவு ஒரு காரணம். அந்த இடம் நமக்குத் தெரியாத இடம் என்ற பயம் இன்னொரு காரணம். பத்து நாள் அங்கே போய் வந்த பிள்ளைக்கு அது தெரிந்த இடமாகிவிடும். நமக்கும்தான்.

இதற்கு என்ன செய்யணும்? ஸ்ரீவைகுண்டத்தில் குமரகுருபர சுவாமிகள் கல்லூரி, திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி, கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி இருக்கின்றன. தலைமை ஆசிரியரும் ஊராட்சித் தலைவரும் கையெழுத்துப் போட்டு, கல்லூரி முதல்வருக்கும் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலருக்கும் மனுக் கொடுங்கள். சித்திரையில் போய்க் கேட்டால் மாணவர்கள் பரீட்சையில் இருப்பார்கள். தை, மாசியிலேயே கேளுங்கள். மதியச் சாப்பாட்டுக்கு அரிசி, காய்கறி, ஒரு தார் வாழைப்பழம் ஊர் சார்பில் கொடுத்தால் அவர்களுக்கும் பாரம் குறையும்.

அனுப்புமுன் சில விஷயங்களைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பத்துப் பிள்ளைக்கு ஒரு மாணவராவது இருப்பாரா? ஆசிரியை ஒருவர் கூட இருப்பாரா? குடிதண்ணீர், கழிப்பறை, முதலுதவிப் பெட்டி உண்டா? சாயங்காலம் யார் வந்தால் பிள்ளையை அனுப்புவார்கள்? வளாகத்தில் கிணறு இருந்தால் மூடியிருக்கா? நல்ல முகாம் நடத்துகிறவர்கள் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்கள்.

"ஆடு மேய்க்க ஆள் வேணுமே" என்பீர்கள். நியாயந்தான். பக்கத்து வீட்டுக்காரரோடு முறை வைத்து, ஆட்டைப் பத்து நாள் சேர்த்து ஓட்டுங்கள். ஆடு எப்போதும் மேயும். பிள்ளைக்குப் பத்து வயசு ஒரு தடவைதான் வரும்.