ஞாயிறா, திங்களா?

ஞாயிற்றுக்கிழமைக் காலையில் சுபாங் ஜெயாவின் வீதிகள் ஓசையடங்கி, கோயிலுக்கும் சிற்றுண்டிக்கும் செல்வோர் மாத்திரமே நடமாடும் அதே வேளையில், வடக்கே சுங்கைப்பட்டாணியில் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் சீருடை தரித்து வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். சிலாங்கூரில் ஓய்வு நாள்கள் சனியும் ஞாயிறும். கெடா, கிளந்தான், திரெங்கானு ஆகிய மாநிலங்களில் வெள்ளியும் சனியும். ஜொகூரோ 2014-இல் வெள்ளி, சனி முறையை மேற்கொண்டு, 2025 ஜனவரி 1 முதல் சனி, ஞாயிறுக்கே திரும்பிவிட்டது.

வாரம் எந்நாளில் பிறக்கிறது என்பது வெறும் வார்த்தைத் தர்க்கம் என்றே நானும் ஒரு காலத்தில் எண்ணியிருந்தேன். என் குழந்தைக்குக் காது குத்த நாள் பார்த்திருந்த சமயத்தில், ஒரு புதன்கிழமையன்று, சுங்கைப்பட்டாணியில் ஆசிரியராக இருக்கும் என் அக்காள் கணவரிடம் தொலைபேசியில், "அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை" என்று சொன்னேன். நான் கருதியது பதினோராம் நாளை; ஞாயிறன்றே புது வாரம் தொடங்கிப் பழகிய அவரோ நான்காம் நாளையே கருதி, பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, இரவெல்லாம் நெடுஞ்சாலையில் காரோட்டி வந்து, விடியற்காலையில் குடும்பத்தோடு என் வாசலில் நின்றார். "அடுத்த வாரம்னுதானே தம்பி சொன்னீங்க?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் எழவில்லை; பிழை அவருடையதன்று. மறுபடி விடுப்புக் கிடைக்காமற்போகவே, அத்தையும் மாமாவும் இல்லாமலே குழந்தைக்குக் காது குத்தினோம்.

அன்று முதல் இவ்விஷயத்தை விசாரித்து வருகிறேன். மலாய் மொழியில் ஞாயிறுக்கு வழங்கும் 'அஹாட்' என்னும் சொல் அரபியில் ஒன்றைக் குறிப்பது. 'இஸ்னின்' இரண்டு, 'செலாசா' மூன்று, 'ரபு' நான்கு, 'கமிஸ்' ஐந்து. வாரத்துக்கே பெயராகிவிட்ட 'மிங்கு'வும், போர்த்துக்கீசியர் ஞாயிறுக்கு வழங்கிய 'டொமிங்கோ'வின் திரிபுதான். நம் சோதிட சாஸ்திரம், சனி, வியாழன், செவ்வாய், ஞாயிறு, வெள்ளி, புதன், திங்கள் என்ற வரிசையில் ஹோரைகளைச் சுற்றவிட்டு, சூரியோதயத்தில் எக்கிரகத்தின் ஹோரை வருகிறதோ அதன் பெயரையே நாளுக்கு இடுகின்றது. 24 ஹோரைகளை ஏழேழாகக் கழித்தால் மூன்று மிஞ்சுமாதலால், சூரிய ஹோரையில் விடிந்த நாளுக்கு மறுநாள் சந்திர ஹோரையில் விடிகின்றது. இந்தச் சக்கரத்துக்கு இயல்பில் ஆதியென்று ஒன்றில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் நம் பஞ்சாங்கக்காரர்களும், கோளறு பதிகம் பாடிய திருஞானசம்பந்தரும் ஞாயிறு முதலாகவே எண்ணினார்கள்.

திங்களின் கட்சியும் அற்பமானதன்று. நம் அண்டைவீட்டுச் சீனர்கள் திங்களை ஒன்றாம் நாளென்றே அழைக்கிறார்கள். மலாய்க்காரர் பெயரால் இரண்டென்பதும் சீனர் ஒன்றென்பதும் ஒரே நாளைத்தான்! 1988-இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 8601 என்ற சர்வதேசத் தரமும் திங்களுக்கே முதலிடம் தந்தது. சனி, ஞாயிறு இரண்டையும் 'வார இறுதி' என்று சேர்த்துச் சொல்லும் பழக்கம் வேரூன்றியபின், முதலில் நின்ற ஞாயிறு நம்மையறியாமலே கடைசிக்குத் தள்ளப்பட்டது.

என் அபிப்பிராயத்தில் ஞாயிறே முதல் நாள். வெள்ளியில் விடுமுறை விடும் மாநிலங்களை விநோதமாகப் பார்க்கும் கிள்ளான் பள்ளத்தாக்கினராகிய நாம் ஒன்றைக் கவனிக்கத் தவறிவிட்டோம்: பெயரால் ஒன்றாகிய நாளில் வேலையையும் தொடங்கி, பழைய எண்ணிக்கையை நடைமுறையில் காப்பாற்றி வருகிறவர்கள் அவர்களே.

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் தமிழ் மாதக் காலண்டர் அச்சிடுவோர் ஞாயிற்றை முதற் கட்டத்திலேயே வைத்திருக்க வேண்டுகிறேன். வாசகர்களோ, வடக்கே உள்ள உறவினரை அழைக்கும்போது 'அடுத்த வாரம்' என்று சொல்லாமல், தேதியைச் சொல்லி அழையுங்கள்.