கை நீளமா, கட்டையா? உடற்பயிற்சியில் உயரத்தின் கணக்கு

ஈப்போவில் எந்த ஜிம்முக்கு வேண்டுமானாலும் மாலையில் போய்ப் பாருங்கள். ஒரே வயது, ஒரே பயிற்சி, ஒரே சாப்பாடு என்று இரண்டு நண்பர்கள் இருப்பார்கள். குட்டையானவருக்குச் சில மாதங்களிலேயே புஜம் திரண்டுவிடும். ஆறடிக்காரருக்கோ சட்டைக் கை இன்னும் தொளதொளவென்றே இருக்கும். 'நமக்கு உடம்பு ஏறாது' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு; ஊசி, மாத்திரை தேடிப் போய் இதயத்தையும் கல்லீரலையும் கெடுத்துக்கொள்பவர்களும் உண்டு. இரண்டுமே தேவையில்லை.

ஒரு வாளித் தண்ணீரை உடம்போடு ஒட்டித் தூக்குங்கள். பிறகு கையை முன்னால் நீட்டித் தூக்குங்கள். வாளி அதேதான், ஆனால் தோள் கெஞ்சும். எலும்பு நெம்புகோல், மூட்டு அதன் அச்சு. பாரம் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் போகிறதோ, தசை அவ்வளவு கூடுதலாக இழுக்க வேண்டும்.

சுங்கை சிப்புட், தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டங்களில் நம் பாட்டிமார் பால் வாளிகளைக் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தார்கள். பாரம் தோள், முதுகெலும்பு, கால் வழியாக நேரே தரைக்கு இறங்கிவிடும். அதனால்தான் உயரம் குறைந்த, மெலிந்த பெண்களாலும் அந்த வேலையைச் செய்ய முடிந்தது.

*யாருக்கு எது சாதகம்?*

துருக்கியின் நயிம் சுலைமானோக்லு 150 சென்டிமீட்டர்கூட இல்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் 190 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கினார். ஐஸ்லாந்தின் ஹாஃப்தோர் பியோர்ன்சன் இரண்டு மீட்டருக்கு மேல் உயரம். 2020இல் 501 கிலோவைத் தரையிலிருந்து தூக்கினார். மொத்த எடையில் பெரியவர் வெல்வார். சொந்த எடைக்கு எத்தனை மடங்கு என்று பார்த்தால் சிறியவர் வெல்வார்.

காரணம் எளிது. அதே உடலமைப்பில் உயரம் 10 விழுக்காடு கூடினால் தசையின் குறுக்களவு 21 விழுக்காடு கூடும். உடல் எடையோ 33 விழுக்காடு கூடிவிடும்.

நீளக் கையும் குறை அல்ல. அமெரிக்கரான லமார் கான்டின் கைகள் கிட்டத்தட்ட முழங்காலைத் தொடும். கம்பி மேலே வர வேண்டிய தூரம் அவருக்குக் குறைவு. 1985இல் தன் எடையைப் போல ஐந்து மடங்கை டெட்லிஃப்டில் தூக்கினார். அதே நீளக் கை பெஞ்ச் பிரஸில் சிரமம் தரும்.

*என்ன செய்யலாம்?*

தொடை நீளமானவர்கள் பஸ்கி எடுக்கும்போது முன்னால் சாய்வது இயல்பு. கால்களைச் சற்று அகட்டி, குதிகாலின் கீழ் மெல்லிய பலகை வைத்துப் பாருங்கள். எடையை நெஞ்சோடு அணைத்துப் பிடிப்பதும் உதவும்.

சாப்பாட்டிலும் கணக்கு உண்டு. தசை வளர, உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 1.6 கிராம் புரதம் தினமும் போதும். 60 கிலோக்காரருக்கு 96 கிராம், 80 கிலோக்காரருக்கு 128 கிராம். நண்பர் சாப்பிடும் அதே அளவு முட்டையும் கோழியும் தெம்பேயும் உயரமானவருக்குப் போதாது. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

உயரமானவர் ஏற்றிய தசை நீண்ட எலும்பில் பரவிவிடும். கண்ணுக்குத் தெரிய நாளாகும். எனவே கண்ணாடியை நம்பாமல் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். இன்று தூக்கிய எடையை எழுதி வையுங்கள். மூன்று மாதம் கழித்துப் பக்கத்து ஆளோடு அல்ல, அந்தப் பக்கத்தோடு ஒப்பிடுங்கள்.